மயக்கம் என்று சொன்னவர்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு தூக்குக்குண்டு இருக்கிறது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்ப்பதற்காகக் கொத்தனார்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் பித்தளைக் குண்டு. நான் சுவர் கட்டியவனில்லை. ஒரு மார்நோய் ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். இது எதற்கு உங்களிடம் என்று யாராவது கேட்டால், காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிடுவேன். கயிற்றின் மேல்முனையில் ஒன்பது முடிச்சுகள் இருக்கின்றன. தொழில் தெரிந்த எந்தக் கொத்தனாரும் தூக்குக்குண்டுக் கயிற்றில் முடிச்சு விழ விடமாட்டார். இந்த ஒன்பதும் தாமாக விழுந்தவை அல்ல. ஒரு கொத்தனார் என்னைப் பார்த்துக்கொண்டே, நாளுக்கு ஒன்றாகப் போட்டவை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருவனந்தபுரத்தின் ஓரத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தக் கட்டடமே இன்று இல்லை. காசநோய்க்காரர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுவோம். நாள் தவறாமல் தொண்ணூறு ஊசி. காலை எட்டு மணிக்கே பின்பக்கத் தகரக் கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிடும். பாதிப் பேர் மலையாளிகள். மீதிப் பேர் தமிழர்கள்: திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஓட்டல்களில் மாவாட்டுகிறவர்கள், பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து சொந்தக்காரர் வீடுகளில் தங்கி ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். ஊசி போடுமுன் சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்பார். அவர்கள் சொல்வதைச் சிஸ்டர் எனக்குச் சொல்ல, நான் அதை ஆங்கிலத்தில் அட்டையில் எழுதுவேன். டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைவிட அந்த அட்டையைத்தான் அதிகம் பார்ப்பார். அதனால் நான் எழுதுவதுதான் நோயாளி. இதை அப்போது நான் பெருமையாக நினைத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் கணக்கெழுத வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கே. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், மேசைமேல் ஆங்கிலம். மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பவன் என்று எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வம்தான் எங்கள் எல்லோரையும் குழியில் தள்ளியது. வீட்டில் அம்மா "மயக்கமா வருதுடா" என்றால் தலை சுற்றுகிறது, பிடித்துக்கொள் என்று அர்த்தம். ஓடிப்போய்ப் பிடிப்பேன். மலையாளத்தில் மயக்கம் என்றால் கண் சொக்குவது, அரைத் தூக்கம். தலை சுற்றினால் மலையாளி "தலகறக்கம்" என்பான். இரண்டும் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஆபீசுக்குள் நுழைந்தவுடன் வீட்டுக் காதைக் கழற்றி வைத்துவிட்டு ஆபீஸ் காதை மாட்டிக்கொள்வேன். கோட்டயத்துக்காரியான சிஸ்டர், மயக்கம் வருகிறது என்று சொல்லும் தமிழர்களிடம், "மயக்கமோ? அது நல்லதல்லே? சுகமாயிட்டு உறங்ஙிக்கோ" என்று சிரித்தபடி சொல்வார். அவர் கெட்டவரல்ல, நோயாளி நன்றாகத் தூங்கட்டும் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் "ட்ரவ்ஸி", அதாவது தூக்கம் வருகிறது, என்று அட்டையில் எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

கொத்தனார் முதலில் என்னிடம் வந்தது ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக. என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டியவர். ஊசிகளெல்லாம் முடிந்து, இருமல் நின்று, எடையும் கூடியிருந்தது. மாதம் ஒருமுறை மாத்திரைக்கு வந்தால் போதும். ஆனால் அவரால் சாரத்தில் ஏற முடியவில்லை. மூங்கில் சாரத்தில் ஓட்டமாக ஓடுகிறவர் என்று பெயரெடுத்தவர், இப்போது தரையிலேயே கால்களை அகற்றி வைத்து நடந்தார். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று சொல்லி மேஸ்திரி அவரை நிறுத்திவிட்டார். ஊசி போட்டதிலிருந்துதான் இப்படி என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால் மேஸ்திரியிடம் காட்டலாம் என்று வந்திருந்தார். அட்டையில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். "சாரே, என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாசித்தேன். முப்பதாவது ஊசியிலிருந்து வரிசையாகத் தூக்கம் வருகிறது, தூக்கம் வருகிறது என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது.

அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். "யாரு சாரே தூக்கம்னு சொன்னா? மயக்கம்னுல்லா சொன்னேன். நித்தமும் சொன்னேன். சாரத்துல நிக்க முடியலன்னும் சொன்னேன். இங்க உக்காந்துதான எழுதுனீக?"

அலமாரியைத் திறந்து அட்டைகளை எடுத்து அவர் முன்னாலேயே புரட்டினேன். தலகறக்கம் என்று சொன்ன மலையாளிகளின் அட்டைகளில் "கிட்டினஸ்", அதாவது தலைசுற்றல், என்று என் கைதான் எழுதியிருந்தது. அதன் கீழே டாக்டரின் சிவப்பு மை, மருந்தின் அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ இருந்தது. அன்றைக்கு அன்றே மாற்றியிருந்தார்கள். தமிழர்களின் அட்டைகளில் தூக்கம் மட்டுமே இருந்தது, சிவப்பு மை இல்லவே இல்லை. ஒரே கொட்டகை, ஒரே மருந்து, ஒரே தலைசுற்றல். ஒரு சொல்லைக் கேட்டு ஒரு கூட்டத்துக்கு மருந்தை மாற்றினோம். இன்னொரு கூட்டத்தைத் தூங்கப் போகச் சொன்னோம். இன்றைக்கு எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் வேஷம் போட்டதாகும். மருந்துப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்த ஒரு தாள் வரும். ஒரு பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம், மறுபக்கம் வெறும் வெள்ளை. வெள்ளைத் தாளைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. நாலாகக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தில் வரிசை எண் எழுதி டோக்கனாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் அன்று கையில் வைத்திருந்த டோக்கனை வாங்கித் திருப்பினேன். காதில் இரைச்சலோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே டாக்டரிடம் தெரிவிக்கவும் என்று பாதி வரியும், கிழிந்த ஓரத்தில் மீதி எழுத்துகளும் இருந்தன. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் தங்கள் உடம்புக்கான எச்சரிக்கையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, தங்கள் எண்ணைக் கூப்பிடக் காத்திருந்தார்கள். வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அதைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் நான் போனபோது கொட்டகை உத்தரத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கியது. கொத்தனார் தமிழர்களையும் மலையாளிகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். சங்கம் என்றெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. முதல் ஏற்பாடு, இந்தக் கட்டடத்துக்குள் யாரும் மயக்கம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. தலகறக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மலையாளிகள் தமிழர்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்க, உச்சரிப்பைக் கேட்டு ஒரே சிரிப்பு. இரண்டாவது ஏற்பாடுதான் அந்தக் குண்டு. ஊசிக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் கயிற்றுக்கு முன்னால் கால்களைச் சேர்த்து வைத்து, மூக்கு நுனி கயிற்றுக்கு நேராக வரும்படி நின்று, கண்ணை மூட வேண்டும். பக்கத்தில் இருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்பார்கள். எதிரே ஒருவர் பார்ப்பார். மூக்கு கயிற்றைவிட்டு இரண்டு விரற்கடைக்கு மேல் நகர்ந்தால் "குண்டு தப்பிட்டு" என்று சொல்வார்கள். அந்த ஆள் அன்று டாக்டரைப் பார்க்காமல் சட்டைக் கையைச் சுருட்டக் கூடாது. கண் திறந்திருக்கும்போது ஒருவாறு சமாளிக்கிறோம், கண்ணை மூடினால்தான் சாய்கிறோம் என்பதைக் கொத்தனார் தன் உடம்பில் கண்டுபிடித்திருந்தார். இதே சோதனை டாக்டர்களின் புத்தகத்திலும் இருக்கிறது என்று பல வருஷங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அன்று முதல் ஆளாகக் குண்டு தப்பியது பொன்முடி அக்காவுக்கு. கொட்டகையில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கணவர் இறந்தபின் அக்காவின் பெயரில்தான் தோட்ட வேலை இருந்தது. வேலை இருந்தால்தான் லயத்தில், தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பில், வீடு. இரண்டு குழந்தைகளைப் பக்கத்து லயத்தில் விட்டுவிட்டு, கரமனையில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். ஐம்பது ஊசி ஆகியிருந்தது. கண்ணை மூடியதும் அப்படியே முன்னால் சரிந்து பிடித்தவர்கள் கையில் விழுந்தார். "முகங் கழுவக் கண்ண மூடுனாலே இப்பிடித்தான் சார் விழுந்துர்றேன். நடந்தா ரோடே குதிக்குது. பஸ்ஸு போர்டு எழுத்தெல்லாம் ஆடுது. நான் எப்பிடிச் சார் சரிவுல நின்னு கொழுந்து கிள்ளுவேன்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய அட்டையை எழுதியவன் நான்.

உள்ளே போய், சொல்லிக்கொடுத்தபடியே தலகறக்கம் என்றார். சிஸ்டர் அட்டையைப் பார்த்தார். இரண்டு வாரமாகத் தூக்கம் என்றிருக்கிறது, இன்று திடீரென்று தலகறக்கமா, அந்தக் கொத்தனார் சொல்லித் தந்ததா என்று கேட்டார். சின்ன டாக்டரும் அட்டையைத்தான் பார்த்தார். முன்னால் எந்தக் குறிப்பும் இல்லை, ஊசியை நடுவில் மாற்றுவதற்குப் பெரிய டாக்டர் வரவேண்டும், அவர் லீவில் இருக்கிறார், அதுவரை போடுங்கள் என்றார். மனுஷி எதிரில் நின்று தள்ளாடுகிறாள்; அட்டை ஆடாமல் மேசையில் கிடக்கிறது; அட்டையைத்தான் நம்பினார்கள். இந்த இடத்தில் நான் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: தப்பு என்னுடையது, இவர் இரண்டு வாரமாகவே தலை சுற்றுகிறது என்றுதான் சொல்லிவருகிறார். சொல்லவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அட்டையில் தப்பாக எழுதினான் என்று வந்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நடுங்கினேன்.

அதற்குப் பதிலாக ஒரு குறிப்பு எழுதினேன். "சில நோயாளிகளின் சொல் வழக்கில் காணப்படும் வேறுபாடு குறித்துத் தகுந்த சமயத்தில் பரிசீலிக்கலாம்" என்பதுபோல ஆங்கிலத்தில் ஒரு வரி. யார் எழுதியது, யாருக்கு என்ன ஆனது, எதுவுமே அதில் இல்லை. அதைப் பெரிய டாக்டரின் தட்டில் வைத்துவிட்டு, கொத்தனாரிடமும் சொல்லிவிட்டு, கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். குறிப்பு தட்டில் கிடந்தது. பொன்முடி அக்கா தினமும் வந்தார், தினமும் குண்டு தப்பியது, தினமும் உள்ளே போய்ச் சொன்னார், தினமும் ஊசி போட்டார்கள். போட மாட்டேன் என்று திரும்பிப் போகவும் அவருக்குப் பயம். ஊசியை விட்டுவிட்டு ஓடிய ஒரு ஓட்டல்காரர் ரத்தம் கக்கித் திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கொத்தனாரும் ஓடச் சொல்லவில்லை. காலையில் நான் என் சைக்கிளை நிறுத்தும்போது அவர் கொட்டகைப் பெஞ்சில் ஏறி, தூணில் சாய்ந்து நின்று, உத்தரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். "குறிப்பு என்னாச்சு சாரே?" என்பார். தட்டில் இருக்கிறது, டாக்டர் வரட்டும் என்பேன். அவர் கயிற்றில் என்னவோ செய்வார். என்ன செய்கிறார் என்று நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் லீவிலிருந்து வந்த காலையில், டோக்கன் எண்களை நான் கூப்பிட்டபோது ஒருவரும் எழுந்து வரவில்லை. கொட்டகை முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், சத்தமே இல்லை. சிஸ்டர் கூப்பிட்டார், சின்ன டாக்டர் வந்து அதட்டினார். கடைசியில் பெரிய டாக்டரே இறங்கி வந்தார். தொங்கும் குண்டைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "கல்பணிக்காரனாணோ இவிட டாக்டர்?" என்று கத்தினார். கொத்தனா இங்கே டாக்டர் என்று கேட்டார். கொத்தனார் எழுந்து, கால்களை அகற்றி வைத்து, பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஊசி வேண்டாம்னு நாங்க சொல்லல டாக்டரே. அது இல்லைன்னா செத்துப்போவோம், தெரியும். இந்தப் பிள்ளைய ஒருக்கா நிக்க வச்சுப் பாருங்க. பாத்துட்டு, பொறவு எங்க எல்லாருக்கும் குத்துங்க" என்று பொன்முடி அக்காவைக் காட்டினார். பின்னாலிருந்து மலையாளிப் பெண் ஒருத்தி, "அத்ரயே வேண்டூ சாரே" என்றாள். அவ்வளவுதான் வேண்டும் என்றாள். அவளுக்கு ஏற்கனவே மருந்து மாற்றியாகிவிட்டது. தனக்கு ஒன்றும் வேண்டியிராத அவளும் சட்டைக் கையைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் எரிச்சலோடுதான் பொன்முடி அக்காவைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பிடிக்க வந்தவர்களை விலகச் சொல்லிவிட்டார். அக்கா கண்ணை மூடினார், சிமெண்ட் தரையில் முகம் அடிபட விழுந்தார். உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. பத்து நிமிஷத்தில் ஊசி நிறுத்தப்பட்டது, வேறு மருந்து எழுதப்பட்டது, எல்லாத் தமிழர்களின் அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். பத்தே நிமிஷம். நான் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது, முதலிலிருந்தே, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று அப்போது சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. என் வேலை போகவில்லை. எவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நாளும் நான் பயந்து நடுங்கியது இந்த ஒன்றுமில்லாததற்காகத்தான்.

சாயங்காலம் கொத்தனார் குண்டை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, என் மேசைமேல் அட்டைக் கட்டின் மேலேயே வைத்தார். "இனி எனக்கு இது எதுக்கு? சாரத்துலயா ஏறப்போறேன். நீங்க வச்சுக்கிடுங்க. முடிச்ச மட்டும் எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றார். எண்ணினேன். குறிப்பு தட்டில் கிடந்த நாட்கள் ஒன்பது. அந்த நாட்களில் பொன்முடி அக்காவின் உடம்பில் ஏறிய ஊசிகள் ஒன்பது.

நுரையீரல் சுத்தமாகித்தான் பொன்முடி அக்கா மலைக்குத் திரும்பினார். தள்ளாட்டம் போகவில்லை. ஒன்பது ஊசி முன்னால் நிறுத்தியிருந்தால் போயிருக்குமா என்று பிற்பாடு ஒரு டாக்டரிடம் கேட்டேன். போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அந்தச் "சொல்ல முடியாது" எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒரு வருஷம் கழித்து வித்துரா வழியாகப் பஸ் பிடித்து மேலே போனேன். லயத்தில் அவர் இருந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. சரிவில் நிற்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை, பெயரை வெட்டிவிட்டார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கம் போனதாகக் கேள்வி என்று அந்த வீட்டுக்காரி சொன்னாள். கொத்தனார் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு செங்கல் கிடங்குக்குக் காவலாளாகி, அங்கேயே காலத்தை முடித்தார். ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு புது உத்தரவு வந்தது: தமிழ் நோயாளிகளிடம் தலை சுற்றுகிறதா என்று தமிழிலேயே கேட்க வேண்டும். அதற்காகப் பெரிய டாக்டரை ஒரு கூட்டத்தில் மாலை போட்டுப் பாராட்டினார்கள். நோயாளிகள்பால் அவருக்குள்ள கரிசனம் பற்றிப் பேசினார்கள். கொட்டகை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருந்து என்ன செய்கிறது என்று முதலில் அறிகிறவன் அதை உடம்பில் வாங்கிக்கொள்கிறவன். அவர்கள் ஒன்றுகூடி, தங்களுக்குள் ஒருவரையொருவர் நிறுத்திப் பார்த்து, ஒரு கருவியும் ஒரு சொல்லும் கண்டுபிடித்து வைத்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களுடைய பெயரை விட்டுவிட்டார்கள். மாலைக்கு நான்தான் பூ வாங்கி வந்தேன். அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே இருக்கிறது.

போன மாதம் எனக்கு ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் படுக்கையிலிருந்து எழுந்தால் சுவர் சுற்றியது. பெரிய கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், பேத்தி வயது. "வேறெ எந்தெங்கிலும் உண்டோ அங்கிளே?" என்று, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள். சிறுவயதிலிருந்தே மலையாளம் பேசிய வாய் என்னுடையது. ஆனாலும் உடம்பு தளர்ந்தால் அம்மாவின் சொல்தான் முதலில் வருகிறது. "மயக்கம்" என்றேன். அவள் தட்டினாள். எனக்குச் சுரீரென்றது. திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். ஆங்கிலத்தில், நான் அந்தக் காலத்தில் எழுதிய அதே சொல் இருந்தது.

"மோளே, அது மாற்றணும். உறக்கம் அல்ல. தலகறக்கம்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. "அய்யோ, சாரி அங்கிளே" என்று சொல்லி, அழித்து, சரியான சொல்லைத் தட்டி, திரையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து கயிற்றை எடுத்து, முடிச்சுகளை மறுபடி எண்ணினேன். அந்தப் பெண்ணுக்கு அரை நிமிஷம். எனக்கு ஒன்பது நாள்.